கள்ளிச்செடியும் கொஞ்சம் கிறுக்குப் பாட்டும்

தேனி அல்லிநகரத்தில் ஒரு மொட்டை மாடி. கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாகப் பதினோரு தொட்டிகள். அதில் நாலுதான் நிஜத் தொட்டி, மீதி எல்லாம் தயிர் டப்பா, ஐஸ்கிரீம் டப்பா வகையறா. எல்லாவற்றிலும் முள்ளு முள்ளாகவோ குண்டு குண்டாகவோ ஏதோ ஒன்று முளைத்திருக்கிறது. நடுவில் பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்போனோடு ஒரு காலேஜ் பையன். ஓடிக்கொண்டிருப்பது 1967-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் இரண்டு பேர் போட்ட ஆல்பம். துணி காயப்போட மேலே வந்த அப்பத்தா தொட்டிகளைப் பார்த்தார், பிறகு பேரனைப் பார்த்தார்.

"ஏண்டா, ஊரெல்லாம் கள்ளிய வெட்டி எறியுறான், நீ காசு குடுத்து வாங்கியாந்து வீட்டுக்குள்ள வச்சிருக்கியே.. வெளங்குமாடா?"

பையன் பதில் சொல்லவில்லை. (ஹெட்போன் போட்டிருந்ததால் கேள்வியே காதில் விழவில்லை என்பது வேறு விஷயம்.) ஆனால் கேள்வி சாதாரணமானதில்லை. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது நிறைய வீடுகளில் இதே காட்சிதான். கள்ளியும் சக்குலண்டும் வளர்ப்பது, கூடவே சைக்கடெலிக் ஃபோக் என்று கித்தாரும் தம்புராவும் சேர்த்து மயங்க மயங்க வாசிக்கும் பாட்டைக் கேட்பது. இதைப் பார்த்து "வெள்ளைக்காரன் ஃபேஷன்" என்று சிரிக்கிற கோஷ்டி ஒன்று. "உங்களுக்கெல்லாம் இது புரியாது" என்று மூக்கைத் தூக்குகிற கோஷ்டி இன்னொன்று. இரண்டு பேருமே தப்பான கணக்குப் போடுகிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் செடி. தமிழில் கள்ளி என்றால் முள்ளும் சதையும் உள்ள எல்லாமே கள்ளிதான். தாவரவியல்காரர்கள் அப்படி விடமாட்டார்கள். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் யூஃபோர்பியா குடும்பம். கிள்ளினால் பால் வரும். ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்து ஆட்கள். கேக்டஸ் என்று சொல்லப்படுகிற குடும்பம் முழுக்க முழுக்க அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ரிப்சாலிஸ் என்ற ஒன்றுதான் எப்படியோ கடல் தாண்டி ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் தானாக வளர்கிறது. அந்த இரண்டு குடும்பங்களும் ஒன்றுக்கொன்று உறவே கிடையாது. வெயில், தண்ணீர்ப் பஞ்சம், மேய்கிற ஆடு மாடு என்று இரண்டுக்கும் ஒரே மாதிரி பிரச்சினை வந்தது, இரண்டும் ஒரே மாதிரி தீர்வுக்கு வந்தன. இலையைக் குறை, தண்டைக் கொழுக்க வை, முள்ளை நீட்டு. சம்பந்தமே இல்லாத இரண்டு பேர் பரீட்சையில் ஒரே விடையை எழுதி, இரண்டு பேரும் காப்பி அடிக்கவில்லை என்கிற மாதிரி.

அப்படியானால் ஆண்டிபட்டிப் பக்கம் வேலியோரமெல்லாம் கிடக்கிற சப்பாத்திக்கள்ளி? வட்ட வட்டமாகத் தட்டுத் தட்டாக, சிவப்புப் பழம் பழுக்குமே, அது நிஜமான கேக்டஸ். ஒப்பன்ஷியா. அதாவது வெளியூர்க்காரன். அதன் கதை ஒரு சினிமா எடுக்கிற அளவுக்கு இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் உலகத்துச் சிவப்புச் சாய வியாபாரம் ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது. மெக்சிகோவில் கள்ளி மேல் வாழும் கொச்சினியல் என்ற பூச்சியைக் காயவைத்து எடுக்கிற சாயம். அந்த மோனோபோலியை உடைக்க வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை. மெட்ராஸில் கம்பெனி டாக்டராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றே போட்டார். சைதாப்பேட்டையில்! கள்ளி வந்துவிட்டது, பூச்சி வேண்டுமே. 1795-ல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் வந்தது தப்பான பூச்சி. சாயம் மட்ட ரகம், மார்க்கெட்டில் விலை போகவில்லை. சாயம்தான் தரவில்லையே தவிர, அது ஒரு வகைக் கள்ளியை மட்டும் வஞ்சனையில்லாமல் தின்று தீர்த்தது. அந்த இடத்தில் வேறொரு வகைக் கள்ளி படர்ந்து தென்னிந்தியாவில் மேய்ச்சல் நிலம், தரிசு என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. கடைசியில் 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினியல் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. இப்போதும் சப்பாத்திக்கள்ளித் தட்டில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தால், அதை நசுக்கிப் பாருங்கள். விரல் ரத்தச் சிவப்பாகும். கம்பெனிக்காரன் தேடிய சிவப்பு ஏறக்குறைய அதுதான், இருநூறு வருடம் லேட்டு.

ஒரு முதலீடு எப்படி எல்லாம் சொதப்பலாம் என்பதற்கு காமர்ஸ் பாடப் புத்தகத்தில் வைக்க வேண்டிய கேஸ் இது. எந்தப் புத்தகத்திலும் காணோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "நம்ம ஊர்ச் செடி இருக்க, வெளிநாட்டுக் கள்ளி எதற்கு" என்று கேட்பவர்களின் தாத்தா பழம் பறித்துத் தின்ற, அத்தை மகள் பேரை முள்ளால் கீறி வைத்த சப்பாத்திக்கள்ளியே வெளிநாடுதான். (அப்படிக் கீறின பேர் அழியாது. காயம் பட்ட இடத்தில் செடி தக்கை மாதிரி ஒரு தோலைக் கட்டிக்கொள்ளும். அந்தத் தட்டு விழுகிற வரைக்கும் பேர் இருக்கும். காதல் அவ்வளவு நாள் இருந்ததா என்பதைச் செடியிடம் கேட்கக்கூடாது.) மிளகாய் வெளிநாடு, தக்காளி வெளிநாடு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, ஆனால் திராட்சையும் வெளியிலிருந்து வந்ததுதான். ஊர் என்பது வந்து சேர்ந்ததையெல்லாம் சேர்த்துத்தான்.

ஆனால் அப்பத்தாவின் கேள்வி வெளிநாடு உள்நாடு பற்றியது இல்லை. அவர் "வெளங்குமா" என்றுதான் கேட்டார். முள்செடி வீட்டுக்கு ஆகாது என்பது வாஸ்து புத்தகத்து வரி என்று நினைத்துவிட்டால் அதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். அதே வாசலில் ஆகாசக் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களே, அதுவும் முள்செடிதானே என்று மடக்கலாம். ஆனால் தேனி, உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒரு அறுபது எழுபது வயதுப் பெண்மணி கள்ளி என்று சொல்லும்போது அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கிறது.

கள்ளிப்பால்.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. அங்கே பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைப் பற்றி 1986-ல் பத்திரிகையில் வந்தபோதுதான் நாடு முழுக்க அதிர்ந்தது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994-ல் அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 'கருத்தம்மா' எடுத்தார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கள்ளிப்பால் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். எந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் பேசமாட்டார்கள். ஆனால் கள்ளி என்றதும் ஒரு கணம் முகம் மாறுகிற பாட்டிகள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். வரதட்சணை கேட்டவன், நகைக்கணக்குப் போட்டவன், "அடுத்ததும் பொட்டையா" என்றவன் எல்லோரும் தப்பித்துக்கொண்டார்கள். கெட்ட பேர் வேலியோரம் நின்ற செடிக்கு. அந்தச் செடி பால் வைத்திருப்பது ஆடு கடிக்காமல் இருக்கத்தான்.

ஆகவே மாடியில் கள்ளி வளர்க்கும் பையன், அதை "க்யூட்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது கொஞ்சம் குறைச்சலான பேச்சு. அவன் குற்ற உணர்ச்சியில் புழுங்க வேண்டும் என்று இல்லை. அந்தச் சொல் அப்பத்தா வாயில் எவ்வளவு கனமானது என்று தெரிந்தாவது வளர்க்கலாமே. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒரு பத்து நிமிஷம் அவரிடம் கேட்டால் வேறு கதைகளும் வரும். பஞ்ச காலத்தில் கல்லுமுளையானைப் பச்சையாகவே மென்று பசியை அடக்கியது, பிரண்டைத் துவையல், மருள் நாரில் கயிறு திரித்தது. கல்லுமுளையான் என்பது கேரலூமா. பசியை அடக்குகிறது என்று அதன் சாரத்தை இப்போது எடை குறைக்கும் மாத்திரையாக விற்கிறார்கள். பஞ்சத்தில் சோற்றுக்கு இல்லாதவன் தின்றது, சோறு அதிகமானவனுக்கு மருந்து. ஒரே பொருள், இரண்டு மார்க்கெட்!

வைரமுத்து இந்த நிலத்துக்கு வைத்த பேரே கள்ளிக்காடு. வைகை அணை கட்டியபோது ஊரை இழந்தவர்களின் கதையான 'கள்ளிக்காட்டு இதிகாசம்' 2003-ல் சாகித்ய அகாதமி வாங்கியது. ஒரு ரெண்டாயிரம் வருடம் பின்னால் போனால் குறுந்தொகையில் 16-வது பாட்டு. பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது. பொருள் தேடிப் போன தலைவன் கள்ளிக்காட்டைக் கடக்கிறான். அங்கே பல்லி தன் ஜோடியைக் கூப்பிடுகிறது. அந்தச் சத்தம், வழிப்பறிக் கள்வர்கள் அம்பு முனையை நகத்தால் உருட்டிச் சரிபார்க்கிற ஓசை மாதிரி இருக்கிறதாம். கள்ளி, வெயில், ஆளில்லாத வெளி, நடுவில் ஒரு சின்ன உலோகச் சத்தம். காதல் பாட்டுக்குள் திகில் படத்து சவுண்ட் எஃபெக்ட். சைக்கடெலிக் ஃபோக் என்று தனியாக இறக்குமதி செய்ய வேண்டுமா என்ன?

சரி, பாட்டுக்கு வருவோம்.

சைக்கடெலிக் என்ற சொல்லை 1950-களில் உருவாக்கியவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு அவர் 1953-ல் கொடுத்த மெஸ்கலின் என்ற பொருள், பெயோட்டி என்ற மெக்சிகோக் கள்ளியில் இருப்பது. ஆக, அந்த வகை இசையின் பேரே ஒரு கள்ளித் தொட்டியிலிருந்துதான் முளைத்திருக்கிறது. (மெஸ்கலின் இந்தியாவில் 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. தேனிக் கடைகளில் விற்கிற எதிலும் அந்த மாதிரி ஒன்றும் இல்லை, இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் தயிர் டப்பாச் செடியைக் கடித்துப் பார்க்க வேண்டாம்.) பிறகு 60-களில் நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள் சிலர் பழைய கிராமத்து மெட்டில் சித்தார், தம்புரா, மொராக்கோ வாத்தியம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தார்கள். அந்த இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட்தான் மொட்டை மாடிப் பையன் காதில் ஓடுவது. தம்புராவைக் கடல் தாண்டிக் கொண்டுபோய், அதை ஸ்காட்லாந்து மெட்டோடு கலந்து, அது திரும்ப அல்லிநகரத்துக்கு ஹெட்போன் வழியாக வந்திருக்கிறது.

அந்த வகையில் ஒரு கதை மட்டும் சொல்லாமல் விட மனசில்லை. வாஷ்டி பன்யன் என்ற பெண். 1970-ல் ஒரு ஆல்பம் போட்டார். யாரும் வாங்கவில்லை. வெறுத்துப்போய்ப் பாட்டையே விட்டுவிட்டு, பிள்ளை குட்டி, ஆடு மாடு என்று போய்விட்டார். 2000-ல் அந்த ஆல்பம் மறுபடி வெளிவந்தது. ஒரு புதுத் தலைமுறை அதைப் பிடித்துக்கொண்டு கொண்டாடியது. 2005-ல் அவர் இரண்டாவது ஆல்பம் போட்டார். முதலுக்கும் இரண்டாவதுக்கும் 35 வருடம்! அமெரிக்காவின் சாகுவாரோ கள்ளி முதல் எட்டு வருடத்தில் ஒன்று, ஒன்றரை அங்குலம்தான் வளரும் என்பார்கள். சில பேருடைய வளர்ச்சியை ஆண்டறிக்கையில் அளக்க முடியாது.

ஆனால் மனசைக் கலக்குகிற நாட்டுப்புற இசைக்கு இந்தப் பள்ளத்தாக்கு ஸ்காட்லாந்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. சித்திரை மாசம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ராத்திரி, முல்லையாற்றங்கரை, தீச்சட்டி, வேப்பிலை வாசம், கூடவே உறுமி. உறுமி இடுப்பு சிறுத்த இரண்டு முக மேளம். ஒரு பக்கம் அடிப்பார்கள். இன்னொரு பக்கம் வளைந்த குச்சியால் தோலைத் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் வருகிற முனகல், ஏதோ மிருகம் வயிற்றுக்குள்ளிருந்து உறுமுகிற மாதிரி இருக்கும். அது ஒரு அளவுக்கு மேல் வேகம் பிடிக்கும்போது கூட்டத்தில் யாராவது ஒரு அக்காவுக்கு அருள் வந்துவிடும். அதுவரை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அமைதியாக நின்றவர்! மாத்திரை இல்லை, கள்ளி இல்லை, வெறும் தோலும் குச்சியும். ஹக்ஸ்லி வந்து பார்த்திருந்தால் இன்னொரு புத்தகம் எழுதியிருப்பார்.

அந்த உறுமிக்காரருக்கு இப்போது என்ன நிலைமை? முன்னே நையாண்டி மேளம், கரகம் என்று வைத்த ஊர்களில் பல இப்போது ஸ்பீக்கரை லாரியில் அடுக்கி டிஜே வைக்கிறார்கள். மேள செட்டில் பத்துப் பேருக்குச் சம்பளம், சாப்பாடு, வண்டி. டிஜேவுக்கு ஆள் குறைவு, சத்தம் அதிகம். கமிட்டிக்காரர் பார்வையில் அது சரியான பிசினஸ் முடிவுதான். ஆனால் அந்தக் கணக்கில் அடுத்த தலைமுறைக்கு உறுமி தேய்க்கக் கற்றுக்கொடுக்க யார் இருப்பார்கள் என்ற வரிக்கு இடமே கிடையாது. நாலாயிரம் ரூபாய் ஹெட்போனில் வெளிநாட்டு நாட்டுப்புறத்தைத் தேடித் தேடிக் கேட்கிற பையன், பக்கத்துத் தெரு மேள செட்டை ஒரு தடவையாவது செல்போனில் உருப்படியாகப் பதிவு பண்ணியிருக்கிறானா? இதுதான் அவன்மேல் வைக்க வேண்டிய நியாயமான குற்றச்சாட்டு. "ஏன் இங்கிலீஷ் பாட்டு கேட்கிறாய்" என்பது இல்லை.

ஏனென்றால் கலப்பு என்பது இந்த மண்ணில் புதுசே கிடையாது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்துப் பண்ணைப்புரம். அங்கே பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடிக்கொண்டிருந்தார். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காக மலையேறிப் போய்ப் பாடினார், தோட்டத் தொழிலாளர்கள் கூடிக் கேட்டார்கள், ரோசம்மா ஜெயித்தார். அண்ணன் பின்னாலேயே ஊர் ஊராகப் போன தம்பிதான் இளையராஜா. அந்த ஆர்மோனியம் எங்கிருந்து வந்தது? 1842-ல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய பெட்டி. கர்நாடக, இந்துஸ்தானிப் பெரியவர்களுக்கு அது ஆகவே ஆகாது. அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை அதைத் தடையே செய்து வைத்திருந்தது. வானொலி உள்ளே விடாத பிரெஞ்சுப் பெட்டியில், வயக்காட்டு மெட்டைப் போட்டு, ரஷ்யாவிலிருந்து வந்த கொள்கையைப் பாடினால் அது பண்ணைப்புரத்துப் பாட்டு. 1976-ல் 'அன்னக்கிளி', 1986-ல் தியாகராஜரையும் பாக்கையும் ஒரே அறையில் உட்காரவைத்த 'ஹவ் டு நேம் இட்'. அந்த ஆல்பத்தின் பேரே ஒரு கேள்விதான். எந்த ஷெல்ஃபில் வைப்பது என்று கடைக்காரர் குழம்பட்டும் என்று விட்டுவிட்டார் போல.

பாவலர் மேடையில் பாடியவற்றில் ஒழுங்காகப் பதிவாகிக் கேட்கக் கிடைப்பது ரொம்பக் குறைச்சல். வாஷ்டி பன்யனுக்கு முப்பது வருடம் கழித்து எடுத்துப் போட ஒரு தட்டாவது இருந்தது.

அடுத்த கேள்வி, வழக்கமாக எல்லோரும் கேட்பது. பாட்டுப் போட்டால் செடி வளருமா?

இதிலும் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி.சி. சிங், 1950, 60-களில் செடிகளுக்கு ராகம் வாசித்துக் காட்டினார். காசித்தும்பைச் செடிகள் வீணை கேட்டு மற்றதைவிட உயரமாக, அதிக இலையோடு வளர்ந்தன என்றார். செடிக்கு முன்னால் பரதநாட்டியம் ஆடவிட்டும் பார்த்தார். 1973-ல் வந்த 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்' என்ற புத்தகம் இதை உலகம் பூரா கொண்டுபோனது. அதே வருடம் டோரதி ரெட்டலாக் என்ற அமெரிக்கப் பெண்மணி, செடிகள் ராக் இசையைவிட்டு விலகிச் சாய்ந்தன, ரவிசங்கர் சித்தாருக்கு ஸ்பீக்கர் பக்கமே சாய்ந்தன என்று எழுதினார். 1976-ல் மார்ட் கார்சன் என்பவர் செடிகளுக்காகவே 'பிளான்டேஷியா' என்று ஒரு ஆல்பம் போட்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு செடிக்கடையில் வாங்கினால் இலவசம், இல்லாவிட்டால் மெத்தை வாங்கினால் இலவசம். மெத்தைக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று மார்க்கெட்டிங் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாவரவியல்காரர்கள் இதை ஏற்கவில்லை. வெளிச்சம், ஈரம், சூடு எல்லாம் ஒரே மாதிரி இருந்தனவா, வேறொருவர் செய்தால் அதே விடை வருமா என்ற சாதாரணக் கேள்விகளுக்கு இந்தச் சோதனைகளில் சரியான பதில் இல்லை. அதிர்வைச் செடி உணர்கிறது என்பதற்கு நல்ல ஆராய்ச்சிகள் பின்னால் வந்திருக்கின்றன. கம்பளிப்பூச்சி மெல்லும் அதிர்வுக்குச் செடி தன் தற்காப்பை ஏற்றுகிறது என்பது 2014-ல் வந்தது. ஆனால் அதற்கு மோகனமும் முகாரியும் வேறு வேறாகத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பாட்டு செடிக்கு இல்லை, வளர்க்கிறவருக்குத்தான். அது போதாதா? பாட்டுக் கேட்டுக்கொண்டே மாடியில் உட்கார்கிறவர் செடியை உற்றுப் பார்க்கிறார். மாவுப்பூச்சி வந்ததை முதல் நாளே கண்டுபிடிக்கிறார். செடி பிழைக்கிறது.

செடிக்குத்தான் போடுவேன் என்று அடம்பிடிப்பவர்கள் ராத்திரியில் போடுங்கள். கள்ளிகள் பகலில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும், ராத்திரிதான் இலைத்துளை, தண்டுத்துளைகளைத் திறக்கும். அப்போது உள்ளே இழுத்த கரியமிலக் காற்றை அமிலமாகச் சேர்த்துவைத்து, பகல் வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு சமையல் பண்ணும். பகலில் திறந்தால் தண்ணீர் ஆவியாகி நஷ்டம். கரண்ட் ரேட் குறைவான நேரத்தில் மோட்டார் போடுகிற விவசாயி மாதிரி. இதை ஆரம்ப காலத்திலேயே இந்தப் பக்கமும் கவனித்திருக்கிறார்கள். மெட்ராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மன்காரர் ரணகள்ளி இலையை மென்று பார்த்து, காலையில் புளிக்கிறது, மத்தியானம் சப்பென்று ஆகிறது என்று 1813-ல் லண்டனுக்கு எழுதினார். ஆக, கம்பத்திலிருந்து தேனி வருகிற கடைசி பஸ்ஸில் டிரைவர் போடுகிற ராஜா பாட்டு நேரம்தான் கள்ளிக்கும் நேரம்.

இன்னொன்று, ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசைக்காரர் 1975-ல் கள்ளியையே வாத்தியமாக்கினார். முள்ளுக்குப் பக்கத்தில் மைக்கை ஒட்டி, ஒவ்வொரு முள்ளாகச் சுண்டுவது. டிங் டிங் என்று விதவிதமான சுருதி. குறுந்தொகைப் பல்லியின் சத்தத்துக்கு இதைவிடக் கிட்டே போனவர் யாருமில்லை.

கடைசியாகக் கடைக்கணக்கு. கொழுக்கு மொழுக்கென்று சிவப்பு, மஞ்சள் உருண்டை ஒன்று பச்சைத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்குமே, அதைத்தான் முதல் முதலாக வாங்குபவர்கள் எல்லோரும் வாங்குவார்கள். அது ஒரு செடி இல்லை, இரண்டு. மேலே இருக்கிற உருண்டைக்குப் பச்சையமே கிடையாது, சொந்தமாகச் சாப்பாடு தயாரிக்க முடியாது. கீழே உள்ளது டிராகன் பழக் குடும்பத்துக் கள்ளி. ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள். கீழே உள்ளவன் உழைத்து மேலே உள்ளவனுக்குப் போடுகிற வரைக்கும் ஓடும். சில வருடத்தில் ஜோடி பிரிந்துவிடும், அதற்கு வளர்த்தவர் காரணம் இல்லை. அடுத்து, முள் நடுவே காகிதம் மாதிரி ஒரு பூ இருந்தால் தொட்டுப் பாருங்கள், பசை வைத்து ஒட்டிய பூவாகவும் இருக்கலாம். பெயின்ட் அடித்த செடியை வாங்கவே வாங்காதீர்கள், வெயிலை அது எதால் குடிக்கும்?

அதைவிட முக்கியமாக, மேகமலை, வருசநாட்டுப் பக்கம் பிக்னிக் போகிறவர்கள் பாறையிடுக்கில் இருக்கிற கேரலூமாவையோ திருகுகள்ளியையோ பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. காட்டுக்குள் எடுப்பது சட்டப்படியும் தப்பு. வேர் அறுந்து வந்தது பெரும்பாலும் மாடியில் அழுகித்தான் போகும். யாராவது தோட்டத்தில் வேலி திருத்தும்போது வெட்டிப் போடுகிற சதுரக்கள்ளித் துண்டு ஒன்று கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழலில் போட்டுவைத்துவிட்டு நட்டால் போதும். செம்மண் ஒரு பங்கு, செங்கல் பொடிசும் மணலுமாக இரண்டு பங்கு. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று தொட்டியை உருட்டும், கனமான மண்தொட்டி நல்லது. ஐப்பசி மழைக்கு மட்டும் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் கள்ளி வெயிலில் செத்ததைவிட அன்பில் செத்தது அதிகம், தினமும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி.

அந்த அல்லிநகரத்து மாடியில் இப்போது பன்னிரண்டாவது தொட்டி ஒன்று இருக்கிறது. பழைய ஈயப் போசி, அடியில் ஆணியடித்த ஓட்டை, உள்ளே பிரண்டை. வைத்தது பேரன் இல்லை. "அது ஒன்னாச்சும் தொவையலுக்கு ஆகும்ல" என்றாராம்.

பி.கு: சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி எல்லாம் வெட்டும்போது பால் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டவும். பட்டுவிட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, நேராகக் கண் டாக்டரிடம் போகவும். சின்னப் பிள்ளைகள், நாய், பூனை இருக்கிற வீட்டில் அந்தத் தொட்டி உயரத்தில் இருக்கட்டும்.